மாற்றி எழுதப்பட்ட நந்தன்: தில்லைப் பக்கத்துப் பழங்கதைகளும் வாசகர் எதிர்வினையும்

காலங்காலமாக ஓதப்பட்டு வரும் ஒரு கதையை எழுத்தாளர் ஒருவர் எடுத்துப் புனைகதையாக்கினால், வாசகர் கையிலிருக்கும் பக்கத்தை மட்டும் படிப்பதில்லை. பாட்டி சொல்லியும் கோயிலில் கேட்டும் மனத்தில் பதிந்த கதையோடு அதை ஒத்துப் பார்த்துக்கொண்டே போகிறார். எங்கே பொருந்தவில்லையோ அங்கே சண்டை தொடங்குகிறது. சீனப் புராணங்களிலிருந்து இளையோருக்காக ஆங்கிலத்தில் எழுதப்படும் நாவல்களைச் சுற்றி நடக்கும் வாக்குவாதங்களும் இவ்வகையானவைதாம். சூ லின் டான் 2022-இல் வெளியிட்ட நாவல் நிலவுத் தெய்வத்தின் மகளை நாயகியாக்கியது. சீரான் ஜே ஜாவ் 2021-இல் பேரரசி வூ செத்தியானின் பெயரையும் வாழ்வையும் எடுத்து, ராட்சத இயந்திரம் ஓட்டும் பெண்ணின் கதையாக மாற்றினார். ஜீன் லுவென் யாங்கின் 2006-ஆம் ஆண்டுச் சித்திர நாவலில் குரங்கு அரசன் சுன் வுகோங் அமெரிக்கப் பள்ளிச் சிறுவனின் கதைக்குள் வந்துவிடுகிறான். இத்தகைய நூல்களைப் பற்றி வரும் குறைகள் பெரும்பாலும் இரண்டு: மூலத்தில் இப்படி இல்லை, புராணம் திரைச்சீலையாகித் தொங்க, காதல்தான் மேடையில் நிற்கிறது. வரும் பாராட்டு ஒன்று: நம் கதை நம் பிள்ளைகள் படிக்கும் மொழியில் கிடைத்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. குரங்கு அரசனுக்கு ‘மூலம்’ என்று எல்லாரும் கைகாட்டும் ‘மேற்கு நோக்கிய பயணம்’ 16-ஆம் நூற்றாண்டு நாவல். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்துபோன துறவி யுவான் சுவாங்கின் பயணத்தை அது ஏற்கெனவே தலைகீழாக மாற்றி எழுதியிருந்தது.

தமிழில் இதே கேள்வியை நீண்ட கால அளவில் பார்ப்பதற்குச் சிதம்பரம், கடலூர் வட்டாரத்தைவிட நல்ல இடம் அமைவது கடினம். சிவபக்தர் நந்தனின் கதை நடந்து முடிவது தில்லையில், அதாவது சிதம்பரத்தில். புராணத்தைப் புரட்டிப் போட்டு எழுதிய புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில். ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதி வீட்டுக்கு வீடு விவாதம் கிளப்பிய ஜெயகாந்தன் 1934-இல் பிறந்தது அதே ஊரின் மஞ்சக்குப்பத்தில். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வந்தியத்தேவன் குதிரையேறி வாசகருக்கு முதலில் காட்சி தருவது காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய வீரநாராயண ஏரிக் கரையில். வாசிப்பு இங்கே பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை என்பதற்கு அருட்பா வழக்கு சாட்சி. வள்ளலாரின் பாடல்கள் 1867-இல் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சேறியபோது, அந்தப் பெயர் திருமுறைகளுக்கே உரியது என்று ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்தது. பூசல் முற்றியது. சிதம்பரம் கோயிலில் கூடிய கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். எதிரிகளில் வள்ளலாரும் ஒருவர். ஒரு நூலுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற சர்ச்சை நீதிபதி முன்னால் போய் நின்ற நாடு இது.

நந்தன் கதையின் எழுத்து வரலாறு மிகச் சிறியதாகத்தான் தொடங்குகிறது. சுந்தரரின் திருத்தொண்டத் தொகை நந்தனை, ‘திருநாளைப் போவார்’ என்ற பெயரை மட்டும் சொல்லி வணங்கிவிட்டுப் போகிறது. நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி ஒரே பாட்டில் ஆதனூரையும், தில்லை அந்தணர் மூவாயிரவர் கைகூப்ப அவர் முனிவரானதையும் சொல்கிறது. அதில் தீ இல்லை. தீ வருவது சேக்கிழாரிடம், 12-ஆம் நூற்றாண்டில். பெரியபுராணம் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு. முதல் சொல்லை இறைவனே எடுத்துக் கொடுத்தான் என்பதும் மரபு. ஆகவே நந்தன் கதையின் முதல் அவை தில்லையே. சேக்கிழார் சொல்லும் கதையில் நந்தனார் கொள்ளிடக் கரை ஆதனூரின் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்கிறவர். திருப்புன்கூரில் அவர் கண்ணுக்கு மறைப்பாக இருந்த நந்தி விலகுகிறது. தில்லைக்கு ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லி நாள் தள்ளி, கடைசியில் போகிறார். ஊர் எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறார், உள்ளே நுழையவில்லை. இறைவன் கனவில் வந்து, தீயில் மூழ்கி எழுந்து வா என்கிறான். அந்தணர்களுக்கும் கனவில் கட்டளை. தீ வளர்க்கிறார்கள். நந்தனார் உள்ளே போய், சடைமுடியும் பூணூலும் விளங்க வெளியே வருகிறார். கோயிலுக்குள் சென்றவர் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை.

பின்னால் வந்த ஒவ்வொரு வாசிப்பும் இந்த இடத்தில்தான் தங்கி நிற்கிறது. எல்லையில் அவரைத் தடுத்தது யார்? சேக்கிழாரில் ஒருவரும் தடுக்கவில்லை. தம் பிறப்பை எண்ணி அவரே தயங்குகிறார். உள்ளே போனவர் என்ன ஆனார்? பக்தருக்கு விடை எளிது: சிவத்தில் கலந்தார். மற்றவர்களுக்கு அந்தக் காணாமற் போதல் ஒரு வெற்றிடமாக இருந்தது, அதை நிரப்பத் தோன்றியது.

முதல் கேள்விக்கு 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி ஒரு பதில் சொன்னார். நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் என்று காவிரிப் பக்கத்திலேயே வாழ்ந்தவர் அவர். அவருடைய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியர் வருகிறார். நந்தன் அவருடைய பண்ணையாள். சிதம்பரம் போக விடுப்பு கேட்டு ஆண்டையின் வாசலில் நிற்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். சிவகணங்கள் ஒரே இரவில் பயிரை விளைத்து வைக்கின்றன. மறுநாள் வேதியர் நந்தன் காலில் விழுகிறார். சேக்கிழார் கதையில் உள்ளத்துத் தயக்கமாக இருந்தது பாரதியிடம் பண்ணை அடிமைத்தனமாக மாறியது. பயிர் வேலை கிடக்க ஆள் நகரக்கூடாது என்ற கட்டளையைக் கேட்டே வளர்ந்த காவிரிப் படுகைக்கு இந்த வேதியரை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

படித்தவர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம் கேட்டுப் பாரதியார் பலமுறை நடந்ததையும், இலக்கணப் பிழைகள் மலிந்த நூல் என்று பிள்ளையவர்கள் தட்டிக் கழித்ததையும் உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். ஒருநாள் பாரதியார் திண்ணையில் காத்திருந்தபடி தம் கீர்த்தனை ஒன்றைப் பாட, உள்ளே இருந்த பிள்ளையவர்கள் கேட்டு உருகிப் பாயிரம் தந்தாராம். ஒரு மறுஆக்கத்தைக் கண்ணால் படிப்பவரும் காதால் கேட்பவரும் வெவ்வேறு வாசகர்கள் என்பதை இந்தச் சம்பவத்தைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம். அதிலும் அந்த இரண்டு வாசகரும் ஒரே ஆளுக்குள் இருந்தார்கள். கீர்த்தனைகள் கதாகாலட்சேபத்தில் பரவின, கச்சேரி மேடையேறின. 1935-இல் வந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் ஒரு லட்சம் ரூபாய் பெற்றது அந்தக் காலத்துப் பெரும் பேச்சு. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1942-இல் ஜெமினியின் படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனார். இரண்டிலும் கதை பாரதியுடையது. வேதியரும் நாற்பது வேலியும் பெரியபுராணத்திலேயே இருப்பதாக நம்புகிறவர்கள் இன்றும் ஏராளம். மூலத்தை மாற்றினால் வாசகர் கோபிப்பார் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது பெரிய மறுப்பு. தாங்கள் ஏற்கெனவே சந்தேகித்து வைத்திருந்ததை ஒரு மாற்றம் உறுதிப்படுத்தினால், அது மாற்றம் என்பதையே வாசகர் மறந்துவிடுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் நந்தனை வாசித்தவர்கள் பாட்டோடு நிற்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் தம் ‘இந்திரர் தேச சரித்திர’த்தில் நந்தனைப் பௌத்த அரசனாகக் காட்டினார். பிராமண வேடம் பூண்டவர்களின் சூழ்ச்சிக்குப் பலியான மன்னன் பக்தனாக்கப்பட்டான் என்பது அவர் தரப்பு. சுவாமி சகஜானந்தர் வேறு வழியில் போனார். 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். கோயிலுக்குள் போவதற்கு நெருப்பில் குளிக்க வேண்டியிருந்தவரின் பெயர், பள்ளிக்கூடத்து வாசலில் எழுதப்பட்டது. காந்தி தமிழ்நாட்டுப் பேச்சுகளில் நந்தனைச் சத்தியாக்கிரகியாக எடுத்துக்காட்டினார். ஒரே கதையை ஒருவர் திருட்டாகவும், ஒருவர் முன்னோடியாகவும், ஒருவர் அறப்போராகவும் வாசித்தது அரை நூற்றாண்டுக்குள் நடந்தது.

புதுமைப்பித்தன் 1934-இல் ‘மணிக்கொடி’யில் எழுதிய ‘புதிய நந்தன்’ இந்த வாசிப்புகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேலி செய்கிறது. ஆதனூர் அப்படியே இருக்கிறது. காலம் காந்தியின் காலம். கண் தெரியாத கிழவன் கருப்பன் சேரியில் கிடக்கிறான். அவன் மகன் பாவாடை பாதிரியாரிடம் போய் டேனியல் ஜானாகி, பிறகு சுயமரியாதைக்காரத் தோழர் நரசிங்கமாக ஊர் திரும்புகிறான். பண்ணை ஐயர் வீட்டுப் பிள்ளை ராமநாதன் காந்தி பக்தன். காந்தி வரும் ரயிலின் தண்டவாளத்தில் கிழவன் தடுமாறி நிற்க, இரண்டு இளைஞர்களும் காப்பாற்ற ஓடுகிறார்கள், மூவரும் மாள்கிறார்கள். தீ இருந்த இடத்தில் ரயில் வந்துவிட்டது. சமரசமும் சீர்திருத்தமும் மதமாற்றமும் ஒரே சக்கரத்தில் அரைபடுகின்றன. கதை கொஞ்சம் அவசரமாக முடிகிறது என்றே சொல்ல வேண்டும். மூன்று பிணங்களை அடுக்கியதும் ஆசிரியர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார். ஆனால் பாரதியின் வேதியரையும் காந்தியின் சத்தியாக்கிரகியையும் படித்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

உள்ளே போனவர் என்ன ஆனார் என்ற இரண்டாம் கேள்விக்குப் பதில் 1978-இல் வந்தது. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகத்தில் வேதியரும் வேளாளரும் சேர்ந்து நந்தனைத் தீக்குள் அனுப்புகிறார்கள். அவன் ஆசையே அவனுக்குப் பொறியாகிறது. ஆடற்பெண் அபிராமியும் அதே தீயில் போகிறாள். எரிந்தவன் எரிந்ததுதான், சடைமுடியும் பூணூலும் இல்லை. பிறகு தலித் சிந்தனையாளர்கள் பலர் நந்தன் எரித்துக் கொல்லப்பட்டான் என்றே வெளிப்படையாக எழுதினார்கள், பேசினார்கள். வாசிப்பு காகிதத்தைத் தாண்டிக் கல்லையும் தொட்டது. நடராசர் கோயிலில் நந்தன் நுழைந்ததாகச் சொல்லப்படும் தெற்கு வாசல் அடைபட்டிருப்பதை எதிர்த்து, அதைத் திறக்கக் கோரிப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. சைவ பக்தர்களுக்கு இந்த வாசிப்பு சேக்கிழாருக்குச் செய்யும் அவமதிப்பு. மறுதரப்பினரோ சேக்கிழார் மறைத்ததைத் தாங்கள் சொல்வதாக நினைக்கிறார்கள். நம்பியின் பாட்டில் தீ இல்லை என்ற உண்மையை இரு தரப்பாரும் அதிகம் எடுத்துப் பேசுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. தீ வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு. அது என்ன செய்தது என்பதில்தான் வழக்கு.

புதுமைப்பித்தன் மாற்றி எழுதிய இன்னொரு பழங்கதையான, இராமாயணத்து அகலிகை கதையின் போக்கு வேறு. அதில் சமூகத்தை விடக் குடும்பம் சண்டையில் இறங்கியது. வால்மீகியின் அகலிகை வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே இசைகிறாள். கம்பரும் அந்த அறிதலை முழுவதும் துடைத்துவிடவில்லை, ஆனால் அவளைக் கல்லாக்கி, இராமன் பாதத்தால் எழுப்பி, நெஞ்சால் பிழை செய்யாதவள் என்று விடுவிக்கிறார். புதுமைப்பித்தன் இந்தக் கதையை இரண்டு முறை தொட்டார். 1943-இல் ‘கலைமகள்’ வெளியிட்ட ‘சாப விமோசனம்’ இரண்டாவது. இராமாயணம் அறிந்தவர்களுக்குக் கதை விளங்காமலோ பிடிக்காமலோ போகலாம், அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பை அவர் கதைக்கு முன்னால் போட்டார். எதிர்வினை வருமுன்னே அதற்குப் பதில் எழுதிவைத்த எழுத்தாளர் தமிழில் அரிது. கதையில் அகலிகை மீண்டும் பெண்ணாகி, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி அஞ்சி வாழ்கிறாள். இராமனை மட்டும் நம்புகிறாள். வனவாசம் முடிந்து வந்த சீதை, தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதை அவளிடம் சொல்ல நேர்கிறது. தன்னை மன்னித்தவன் சீதையைச் சோதித்தான் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள்.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். அதே 1943-இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்று மேடையில் விவாதம் நடந்தது. கொளுத்தலாம் என்ற பக்கம் அண்ணாதுரை. மறுபக்கம் சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார். பாரதியார் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவராக இருந்தவர். அந்தப் பேச்சுகள் ‘தீ பரவட்டும்’ என்ற தலைப்பில் நூலாயின. எரிக்க வேண்டும் என்பவரும் காக்க வேண்டும் என்பவரும் இராமாயணத்தை ஒரே கட்டியாக எடுத்துக்கொண்டார்கள். ‘சாப விமோசனம்’ இரண்டு தரப்புக்கும் உதவாத கதை: இராமனை அது வெறுக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. அதனாலேயே அந்த மேடைச் சண்டையின் பேச்சுகள் பழசாகிப் போன பிறகும் கதை பாடத்திட்டங்களிலும் தொகுப்புகளிலும் வாசிக்கப்படுகிறது. வாசகிகளுக்கு அது வேறு விதமாகப் பட்டது. மன்னிப்புக்குப் பின் ஒரு பெண் எப்படி அன்றாடம் வாழ்வது என்ற கேள்வியைக் கதை மூலத்தில் எங்கும் இல்லாத அளவுக்கு நெருங்கிப் பார்க்கிறது. குளத்தங்கரைப் பேச்சும் மற்றவர் பார்வையும்தான் கதையின் பெரும்பகுதி.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ‘ஆனந்த விகட’னில் வந்தது. அதில் புராணப் பாத்திரம் யாரும் இல்லை. தலைப்பு மட்டுமே இராமாயணம். மழையில் பேருந்துக்காக நின்ற கல்லூரி மாணவியைக் காரில் ஏற்றிக்கொள்பவன் அவளைக் கெடுத்து இறக்கிவிடுகிறான். வீடு திரும்பிய மகள் தலையில் தாய் தண்ணீர் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். சீதைக்குத் தீ, இந்தப் பெண்ணுக்கு ஒரு வாளித் தண்ணீர். வாசகர் கடிதங்கள் குவிந்தன. ஒழுக்கம் கெட்டது என்று வைதவர்கள் ஒரு பக்கம். தாய் செய்ததே சரி என்றவர்கள் இன்னொரு பக்கம். கதையை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்க்காமல், எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று நம்பகத்தைக் கேட்டவர்களும் இருந்தார்கள். இவர்களுடைய ஆட்சேபம்தான் எழுத்தாளரைத் தொட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் அவர் அதற்கு நாவலாகப் பதில் எழுதினார். ‘தினமணி கதி’ரில் ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தொடராக வந்து, 1970-இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலான அந்நாவலில், நாயகி கங்காவின் தாய் தண்ணீர் ஊற்றவில்லை. அலறி ஊரைக் கூட்டிவிடுகிறாள். மகளின் வாழ்க்கை அதோடு வேறு திசையில் போய்விடுகிறது. பல ஆண்டுகள் கழித்து ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதையைப் பத்திரிகையில் கங்காவும் தாயும் படிக்கிறார்கள். தான் செய்திருக்க வேண்டியது எது என்று தாய் கதையிலிருந்து தெரிந்துகொள்கிறாள்! வாசகரின் எதிர்வினையே நாவலின் கருவாகிவிட்டது. 1972-இல் அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. மறுஆக்கத்துக்கு வாசகர் காட்டும் வலுவான பதில் கடிதமோ கண்டனமோ அல்ல, இன்னொரு மறுஆக்கமே என்பதை நந்தன் வரிசை நூற்றாண்டுகளில் காட்டியது என்றால், ஜெயகாந்தன் தாமே எழுதி, தாமே வாசகராகி நான்கு ஆண்டுகளில் காட்டிவிட்டார்.

இளம் வாசகர்களைப் பொறுத்தவரை, சீனப் புராண நாவல்கள் இன்று வகிக்கும் இடத்தைத் தமிழில் நெடுங்காலம் வகித்தது சரித்திர நாவல். அதில் முதலிடம் ‘பொன்னியின் செல்வ’னுக்கு. ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த இந்நாவலின் தொடக்கம் வீரநாராயண ஏரி, கடம்பூர் மாளிகை என்று கடலூர் மாவட்டத்திலேயே நகர்கிறது. தொடர் முடிந்ததும் வாசகர்கள் திருப்தியடையவில்லை. பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. சமாதானம் போதவில்லை என்பதற்கு விக்கிரமன் எழுதிய ‘நந்திபுரத்து நாயகி’ ஆதாரம். விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்ந்தார்.

வரலாற்றுப் பக்கத்தில், நாவலிலும் கொலையுண்ணும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையாளிகளைப் பெயர் சொல்லிக் காட்டும் கல்வெட்டு காட்டுமன்னார்கோயிலின் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. இராசராசன் ஆட்சியின் இரண்டாம் ஆண்டைச் சேர்ந்த அது ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரின் குடும்பத்தார் நிலம் பறிமுதலானதைச் சொல்கிறது. நாவலில் பழுவூர் இளையராணியாக வரும் நந்தினி அதில் இல்லை. அவள் கல்கியின் கற்பனை. ஆனாலும் பழுவூர் இளையராணி எங்கே வாழ்ந்தாள் என்று விசாரிக்கும் வாசகர்கள் தலைமுறைதோறும் வருகிறார்கள். இந்நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த படங்கள் 2022-இலும் 2023-இலும் வந்தபோது எழுந்த முணுமுணுப்பும் இதே தடத்தில்தான் போனது. நாவலில் வரும் சேந்தன் அமுதன் பற்றிய முடிச்சை ஏன் விட்டார்கள், முடிவை ஏன் மாற்றினார்கள் என்று கேட்டவர்கள் அளவுகோலாக எடுத்தது கல்கியின் பக்கங்களை. உடையார்குடிக் கல்வெட்டோடு படத்தை ஒத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.